ஏஐ பயன்பாட்டின் சுற்றுச்சூழல் செலவைக் கணக்கிட்டுக் குறைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கேள்விக்குப் பதில் எழுதும், படம் வரையும், காணொளி தயாரிக்கும் ஏஐ கருவிகளை அன்றாடம் பயன்படுத்தும் தனிநபர்களுக்காகவும் சிறு குழுக்களுக்காகவும் இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. அந்தப் பயன்பாட்டுக்கு எவ்வளவு மின்சாரமும் தண்ணீரும் செலவாகின்றன, எவ்வளவு கார்பன் வெளியேறுகிறது என்பதை நேர்மையாகக் கணக்கிட்டு, குறைக்கக் கூடியதைக் குறைப்பதே இதன் நோக்கம்.

சில குழுக்களுடன் அமர்ந்து இந்தக் கணக்கைப் போட்டபோது, ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில் தடுமாறியதைப் பார்த்தேன். 'ஒரு கேள்விக்கு எவ்வளவு மின்சாரம்?' என்று ஓர் எண்ணைத் தேடி எடுத்து, மாதத்துக்கு எத்தனை கேள்வி என்பதோடு அதைப் பெருக்கிவிடுவார்கள். எல்லாப் பணிக்கும் பொருந்தும் அப்படியோர் எண் இல்லை. இரண்டு வரிக் கேள்விக்கும் ஐந்து நொடிக் காணொளிக்கும் இடையிலான வேறுபாடு ஆயிரக்கணக்கான மடங்கு. ஆகவே முதலில் கணக்கின் எல்லை, அடுத்து பணிகளின் வகை, அதன்பின் எண்ணிக்கை, கடைசியில்தான் பெருக்கல் என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

தொடங்கும் முன் வேண்டியவை

ஒரு விரிதாள், ஒரு மாதப் பயன்பாட்டுப் பதிவு, குழுவில் யார் எந்தக் கருவியை எதற்குப் பயன்படுத்துகிறார் என்ற பட்டியல் ஆகிய மூன்றும் போதும். சில கட்டணத் திட்டங்களில் கணக்குப் பக்கத்திலேயே டோக்கன் (ஏஐ படிக்கும், எழுதும் எழுத்துத் துண்டு) எண்ணிக்கையோ கோரிக்கை எண்ணிக்கையோ கிடைக்கும். அது கிடைக்காதவர்கள் ஒரு வாரம் கையால் குறித்துவைத்து நான்கால் பெருக்கிக்கொள்ளலாம். நினைவிலிருந்து எழுதச் சொன்னால் பெரும்பாலோர் குறைத்தே எழுதுகிறார்கள்; குறிப்பாக, தாம் கேட்காமலே தானாக இயங்கும் வசதிகள் அவர்கள் நினைவுக்கு வருவதில்லை.

அலகுகளையும் இப்போதே உறுதிசெய்துகொள்ளுங்கள். 1,000 வாட்-மணி என்பது ஒரு கிலோவாட்-மணி. மின்கட்டணச் சீட்டில் ஒரு யூனிட் என்று வருவது இதுதான். ஒரு யூனிட் 36 லட்சம் ஜூலுக்குச் சமம். ஆய்வறிக்கைகள் சில வாட்-மணியிலும் சில ஜூலிலும் எண் தருவதால், விரிதாளில் எல்லாவற்றையும் வாட்-மணிக்கு மாற்றி எழுதுவதே பாதுகாப்பானது.

1. கணக்கின் எல்லையை எழுத்தில் வையுங்கள்

எதைச் சேர்க்கிறீர்கள், எதை விடுகிறீர்கள் என்பதை ஒரு பத்தியாக எழுதி விரிதாளின் மேலேயே வைத்துவிடுங்கள். பதிலைத் தயாரிக்கும் கணினிச் சில்லுகளின் மின்சாரம் மட்டுமா? அவற்றுடன் இயங்கும் பிற கருவிகளும், வேலையின்றிக் காத்திருக்கும் இயந்திரங்களும், அவையெல்லாம் இருக்கும் கட்டடமான தரவு மையத்தின் குளிரூட்டலும் சேர்ந்ததா? மாடலை, அதாவது பதிலை உருவாக்கும் ஏஐ மென்பொருளை, பயிற்றுவித்த செலவும், சில்லுகளைத் தயாரித்த செலவும் உள்ளே வருகின்றனவா?

இதை முதல் படியாக வைப்பதற்குக் காரணம், வெளியாகியுள்ள எண்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு எல்லைக்குள் கணக்கிடப்பட்டவை என்பதுதான். 2025 ஆகஸ்டில் கூகுள் தன் ஜெமினி செயலியில் கேட்கப்படும் எழுத்துவடிவக் கேள்வியின் இடைநிலை மதிப்பை வெளியிட்டது: 0.24 வாட்-மணி மின்சாரம், 0.03 கிராம் கார்பன் டை ஆக்சைடுக்கு நிகரான உமிழ்வு, 0.26 மில்லிலிட்டர் தண்ணீர். சில்லுகள் வேலை செய்யும் நேரத்தை மட்டும் எண்ணினால் அதே கேள்விக்கு 0.10 வாட்-மணிதான் வருகிறது என்றும் அந்த அறிக்கையே காட்டியது. கேள்வி ஒன்றுதான், நிறுவனமும் ஒன்றுதான். எல்லை மாறியதும் எண் இரண்டு மடங்குக்கு மேல் மாறிவிட்டது. எல்லையை எழுதாமல் எண்களைச் சேர்ப்பவர்கள், 0.10-ஐ ஒரு வரியிலும் 0.24-ஐ மறு வரியிலும் வைத்துக் கூட்டிவிடுகிறார்கள்.

முதல் முறை கணக்கிடுபவர்களுக்கு என் பரிந்துரை: தரவு மையம் முழுவதன் மின்சாரத்தையும் உள்ளே வையுங்கள், பயிற்சியையும் சில்லுத் தயாரிப்பையும் தனி வரியில் குறியுங்கள்.

2. பணிகளை வகைப்படுத்தி எண்ணுங்கள்

கருவியின் பெயரைக் கொண்டு வகைப்படுத்தாமல் பணியின் தன்மையைக் கொண்டு வகைப்படுத்துங்கள், ஏனெனில் ஒரே செயலிக்குள் சிறு கேள்வியும் நூறு பக்க ஆவணச் சுருக்கமும் படமும் நடக்கின்றன. பெரும்பாலான குழுக்களுக்குக் குறுகிய கேள்வி, நீண்ட ஆவணம், ஆழ்ந்து யோசிக்கும் முறையில் கேட்பது, படம், காணொளி, தானியங்கிப் பணி என்ற ஆறு வகைகள் போதுமானவை.

கடைசி வகைதான் அதிகம் தவறும் இடம். நிரல் எழுதித் தரும் கருவிக்கு 'இந்தப் பிழையைச் சரிசெய்' என்று ஒரே ஒரு கட்டளை கொடுத்தால், அது கோப்புகளைப் படித்து, மாற்றி, சோதித்து, தோற்று, மீண்டும் முயன்று, பல பத்து முறை மாடலை அழைக்கிறது. பயனர் அதை ஒரு கேள்வியாக எண்ணுகிறார். பயன்பாட்டுப் பதிவில் உள்ள அழைப்புகளின் எண்ணிக்கையையும் டோக்கன்களையும்தான் எடுக்க வேண்டும்.

தானாக இயங்குபவற்றையும் இங்கேயே சேருங்கள்: கூட்டம் முடிந்ததும் வரும் சுருக்கம், மின்னஞ்சலுக்கு மேல் தோன்றும் சுருக்கம், தட்டச்சிடும்போது வரும் பரிந்துரை. யாரும் படிக்காத சுருக்கத்துக்கும் மின்சாரம் செலவாகியிருக்கிறது.

3. நீளத்தை டோக்கனில் அளந்துகொள்ளுங்கள்

மாடல் எழுத்தை டோக்கன் என்னும் துண்டுகளாக உடைத்துப் படிக்கிறது, துண்டு துண்டாகவே எழுதுகிறது. படிப்பதில் பல துண்டுகளை ஒரே வீச்சில் கையாள முடியும். எழுதுவதிலோ ஒவ்வொரு துண்டுக்கும் மாடல் முழுவதும் ஒரு முறை இயங்கியாக வேண்டும். அதனால் ஒரு டோக்கனைப் படிப்பதைவிட ஒரு டோக்கனை எழுதுவதற்குச் செலவு அதிகம். ஆழ்ந்து யோசிக்கும் முறையில், நம் கண்ணுக்குத் தெரியாமல் ஆயிரக்கணக்கான டோக்கன்கள் எழுதப்பட்ட பிறகே நாம் காணும் பதில் வருகிறது.

தமிழில் எழுதுபவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே செய்தியைச் சொல்லத் தமிழுக்கு ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன்கள் தேவைப்படுகின்றன. 2024-இல் ஓபன்ஏஐ தன் ஜிபிடி-4ஓ மாடலை வெளியிட்டபோது தந்த மாதிரி வாக்கியம் பழைய முறையில் தமிழில் 116 டோக்கன்களாக இருந்தது, புதிய முறையில் 35 ஆகக் குறைந்தது. அதே வாக்கியத்தின் ஆங்கில வடிவம் 27-இலிருந்து 24 ஆனது. ஆகவே ஆங்கிலச் சொல் எண்ணிக்கையை வைத்துப் போடப்பட்ட தோராய விதிகளைத் தமிழுக்கு அப்படியே பயன்படுத்தாதீர்கள். மாடலுக்கு உரிய டோக்கன் எண்ணியில் உங்கள் உண்மையான பத்திகள் சிலவற்றை ஒட்டிப் பார்த்து சராசரி எடுங்கள். இதற்காகத் தமிழைக் கைவிட்டு ஆங்கிலத்தில் கேட்க வேண்டியதில்லை. புதிய டோக்கன் முறையுள்ள மாடலைத் தேர்ந்தெடுத்தாலே பெரும்பகுதி சுமை நீங்கிவிடுகிறது.

4. ஒவ்வொரு வகைக்கும் உரிய மின்சார எண்ணைத் தேர்ந்தெடுங்கள்

குறுகிய கேள்விக்கு இப்போது மூன்று மதிப்புகள் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. கூகுளின் 0.24 வாட்-மணி ஒன்று. எபோக் ஏஐ ஆய்வுக் குழு 2025 பிப்ரவரியில் ஜிபிடி-4ஓ கேள்விக்குக் கணித்தது ஏறத்தாழ 0.3. ஓபன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மன் 2025 ஜூனில் சொன்னது 0.34, அவர் கணக்கிட்ட முறையை விளக்கவில்லை என்பதால் அதை மேல் மதிப்பாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இன்னும் பரவலாகச் சுற்றிவரும் 3 வாட்-மணி என்ற எண் 2023-ஐச் சேர்ந்த பழைய மதிப்பீடு. அதை இன்றைய குறுகிய கேள்விக்குப் போட்டால் கணக்கு பத்து மடங்கு ஊதிவிடும்.

நீண்ட ஆவணத்துக்கு எபோக் ஏஐயின் அதே மதிப்பீடு உதவும்: சுமார் 10,000 டோக்கன் உள்ளீட்டுக்கு 2.5 வாட்-மணி, 1,00,000 டோக்கனுக்கு 40 வாட்-மணி. நீளம் பத்து மடங்கானபோது செலவு பதினாறு மடங்காகியிருப்பதைக் கவனியுங்கள்.

படத்துக்கு, ஏஐ மாடல்களைப் பகிரும் தளத்தை நடத்தும் ஹக்கிங் ஃபேஸ் நிறுவனம் மற்றும் கார்னகி மெல்லன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் பல மாடல்களை அளந்து ஆயிரம் படத்துக்குச் சராசரியாக 2.9 யூனிட் என்று கண்டார்கள், அதாவது ஒரு படத்துக்கு 2.9 வாட்-மணி. எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ இதழ் 2025 மே மாதம் வெளியிட்ட அளவீட்டில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் 3 மீடியம் மாடலுக்கு 2,282 ஜூல், அதாவது 0.63 வாட்-மணி வந்தது. இவ்விரண்டையும் முறையே மேல், கீழ் மதிப்புகளாக வையுங்கள். அதே அளவீட்டில் ஐந்து நொடிக் காணொளி ஒன்றுக்கு 34 லட்சம் ஜூல் ஆனது, இது 0.94 யூனிட். அந்த மாடலின் முந்தைய, தரம் குறைந்த பதிப்புக்கு 1,09,000 ஜூல்தான் தேவைப்பட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தரத்தைக் கூட்டியபோது செலவு முப்பது மடங்குக்கு மேல் ஏறியது.

ஒரு வகைக்கு இரண்டு எண்கள் இருந்தால் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் இரண்டையும் விரிதாளின் இரு நெடுவரிசைகளில் எழுதுங்கள். ஒற்றை எண்ணாக எழுதிவிட்டால், பிறகு படிப்பவர் அதை அளந்து கண்ட உண்மையாக எடுத்துக்கொள்வார்.

5. பெருக்கிக் கூட்டுங்கள்

பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் நாளுக்கு 25 குறுகிய கேள்விகள் வீதம் 22 நாள் கேட்டால் மாதத்துக்கு 6,600 கேள்விகள், இது 1.6 முதல் 2.2 யூனிட். பத்தாயிரம் டோக்கன் நீளமுள்ள 400 ஆவணங்களுக்கு 1 யூனிட். 300 படங்களுக்கு 0.2 முதல் 0.9 யூனிட். ஐந்து நொடிக் காணொளிகள் 40 என்றால், அவற்றுக்கு மட்டும் 37.8 யூனிட். மொத்தம் 40.6 முதல் 41.9 யூனிட்.

இந்த மொத்தத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் அந்த நாற்பது காணொளிகளுடையது. ஆறாயிரத்து அறுநூறு கேள்விகளைப் பற்றிக் கவலைப்பட்டு, 'நன்றி' என்று தட்டச்சிடலாமா கூடாதா என்று விவாதித்துக்கொண்டிருந்த குழுக்கள், இந்த வரிசையில் கணக்கைப் போட்ட பிறகுதான் எங்கே பார்க்க வேண்டும் என்பதை உணர்ந்தன. உங்கள் குழுவில் காணொளி இல்லாமல் தானியங்கிப் பணி அதிகமாக இருக்கலாம்; அப்போது பெரும்பங்கு அங்கே போயிருக்கும்.

விடை சரிதானா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. தரவு மையங்களில் பரவலாக உள்ள என்விடியா எச்100 சில்லின் உச்ச மின்தேவை 700 வாட். அது ஒரு நொடி முழு வீச்சில் ஓடினால் 0.19 வாட்-மணி செலவாகும். எனவே குறுகிய கேள்வி ஒன்றுக்கு உங்கள் விரிதாள் 240 வாட்-மணி என்று காட்டினால், அந்தச் சில்லு இருபது நிமிடம் உங்களுக்காக மட்டுமே ஓடியதாகப் பொருள். எங்கேயோ வாட்-மணியும் கிலோவாட்-மணியும் மாறிவிட்டன. நான் கண்ட அலகுப் பிழைகளில் மிக அதிகமானது இந்த ஆயிரம் மடங்குப் பிழையே.

6. மின்சாரத்தைக் கார்பனாக மாற்றுங்கள்

யூனிட்டுகளை அந்த மின்சாரம் உற்பத்தியாகும் இடத்தின் உமிழ்வு அளவால் பெருக்க வேண்டும். உலகச் சராசரி 2024-இல் யூனிட்டுக்குச் சுமார் 470 கிராம். அணுமின்சாரத்தைப் பெரிதும் நம்பும் பிரான்ஸில் இது 50 கிராமுக்கும் குறைவு; நிலக்கரி மிகுந்த இந்திய மின்வலையில் 700 கிராமுக்கு மேல். முக்கியமானது, பயன்படுத்துபவர் இருக்கும் நாட்டின் எண்ணைப் போடக் கூடாது; தரவு மையம் இருக்கும் நாட்டின் எண்ணைப் போட வேண்டும். அது எங்கே என்று நிறுவனம் சொல்லாதபோது உலகச் சராசரியைப் போட்டு, அப்படிச் செய்ததை எழுதிவிடுங்கள். மேற்சொன்ன குழுவுக்கு இது மாதம் 19 முதல் 20 கிலோ.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கூகுளின் 0.24 வாட்-மணியை உலகச் சராசரியால் பெருக்கினால் 0.11 கிராம் வரும். ஆனால் கூகுள் தந்திருப்பது 0.03 கிராம். அந்நிறுவனம் வாங்கும் தூய்மையான மின்சாரத்துக்கான ஒப்பந்தங்களைக் கழித்துக் கணக்கிடும் முறையைப் பின்பற்றியிருப்பதே இந்த வேறுபாட்டுக்கு முதன்மைக் காரணம். மின்வலையில் உண்மையில் ஓடிய மின்சாரத்தின் அடிப்படையில் கணக்கிடுவது மற்றொரு முறை. இரண்டும் ஏற்கப்பட்ட முறைகளே, எனினும் ஒரு விரிதாளுக்குள் இரண்டையும் கலக்கக் கூடாது. மின்வலை முறையையே முதன்மையாக வைப்பது நல்லது என்பது என் கருத்து. ஒப்பந்தம் காகிதத்தில் இருந்தாலும், அந்த நேரத்தில் அந்த இடத்தில் எரிந்தது எரிவாயுவாக இருக்கலாம்.

7. தண்ணீருக்குத் தனிக் கணக்கு வையுங்கள்

தண்ணீர் இரண்டு இடங்களில் செலவாகிறது: தரவு மையத்தைக் குளிரூட்ட ஆவியாகும் நீர், மின்நிலையத்தில் ஆவியாகும் நீர். கூகுளின் 0.26 மில்லிலிட்டர் முதலாவதை மட்டும் எண்ணுகிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாக ஆய்வாளர்கள் 2023-இல் ஜிபிடி-3 பற்றிச் சொன்ன, 10 முதல் 50 பதில்களுக்கு அரை லிட்டர் என்ற கணக்கு இரண்டையும் சேர்த்தது. பிரான்ஸின் மிஸ்ட்ரல் நிறுவனம் 2025 ஜூலையில் தன் லார்ஜ் 2 மாடலின் 400 டோக்கன் பதிலுக்குத் தந்த 45 மில்லிலிட்டர், ஆயுட்சுழற்சி ஆய்வு முறையில் கணக்கிடப்பட்டது. இம்மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'இவர் நல்லவர், அவர் மோசமானவர்' என்று முடிவு கட்டுவது இணையத்தில் அன்றாடம் நடக்கிறது. எல்லைகள் வேறாக இருப்பதால் அந்த ஒப்பீட்டுக்குப் பொருளில்லை.

தண்ணீரைக் கார்பனோடு ஒரே மதிப்பெண்ணாக இணைக்கவும் கூடாது. எங்கிருந்து வெளியேறினாலும் கார்பன் ஒரே வளிமண்டலத்தில் கலக்கிறது. ஆனால் வறண்ட ஆற்றுப்படுகையிலிருந்து எடுத்த ஒரு லிட்டரும் மழை மிகுந்த இடத்தில் எடுத்த ஒரு லிட்டரும் ஒன்றல்ல. தரவு மையத்தின் இடம் தெரிந்தால், உலக வளங்கள் நிறுவனத்தின் அக்வடக்ட் வரைபடத்தில் அப்பகுதியின் நீர்நெருக்கடி நிலையைப் பார்த்து லிட்டர் எண்ணுக்கு அருகில் எழுதுங்கள்.

8. பயிற்சியையும் கருவிகளையும் தனி வரியில் குறியுங்கள்

ஜிபிடி-3-ஐப் பயிற்றுவிக்க 1,287 மெகாவாட்-மணி (ஒரு மெகாவாட்-மணி ஆயிரம் யூனிட்) மின்சாரமும் 552 டன் கார்பன் உமிழ்வும் ஆயின என்பது 2021-இல் வெளியான மதிப்பீடு. புதியவர்கள் இந்த எண்ணைத் தம் கணக்கில் முழுமையாகச் சேர்த்துவிடுகிறார்கள், அல்லது கோடிக்கணக்கான பயனர்களால் வகுத்து இல்லாமலாக்கிவிடுகிறார்கள். மாடல் தன் ஆயுளில் மொத்தம் எத்தனை பதில்கள் தரும் என்பது தெரியாமல் வகுக்க முடியாது.

மிஸ்ட்ரல் போல மாடல் முழுமைக்கும் எண் வெளியிட்டிருந்தால் அதை அப்படியே மேற்கோளாக வையுங்கள். லார்ஜ் 2-இன் பயிற்சியும் பதினெட்டு மாதப் பயன்பாடும் சேர்ந்து 20.4 கிலோடன் உமிழ்வையும் 2,81,000 கன மீட்டர் நீரையும் எடுத்துக்கொண்டன. கனிமங்கள் தீர்ந்துபோவதையும் அவ்வறிக்கை தனியே அளந்தது, பிறர் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி அது.

9. இந்த வரிசையில் குறையுங்கள்

விரிதாளில் மிகப் பெரிய வரியிலிருந்து தொடங்குங்கள். எளிதாகத் தோன்றும் வரியிலிருந்து அல்ல. ஒவ்வொரு வரிக்கும் முதலில், அந்தப் பணி நடக்கத்தான் வேண்டுமா என்று கேளுங்கள். யாரும் படிக்காத தானியங்கிச் சுருக்கங்களை நிறுத்துவது தரத்தில் எந்த இழப்பும் இல்லாத ஒரே சேமிப்பு என்பதால் அது முதலில் வருகிறது.

அடுத்து, சிறிய மாடலுக்கு மாற முடியுமா என்று பாருங்கள். எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூவின் அளவீட்டில், 800 கோடி அளவுருக்கள் (மாடலின் பருமனைக் காட்டும் உள் எண்கள்) கொண்ட லாமா 3.1 மாடல் ஒரு பதிலுக்கு 114 ஜூலும், அதே குடும்பத்தின் 40,500 கோடி அளவுரு மாடல் 6,706 ஜூலும் எடுத்தன. ஏறக்குறைய 59 மடங்கு. எழுத்துப்பிழை பார்ப்பது, மின்னஞ்சலை வகைபிரிப்பது போன்ற வேலைகளை இருபது மாதிரிகள் கொண்டு சிறிய மாடலில் சோதித்து, விடைகளைப் பெயர் மறைத்து ஒப்பிடுங்கள். சோதிக்காமல் மாற்றினால், மோசமான விடைக்காக மூன்று முறை மீண்டும் கேட்டுச் சேமிப்பை இழக்க நேரும். யாரும் இறக்கிப் பயன்படுத்தும்படி வெளியிடப்பட்ட மாடல்களுக்கு ஹக்கிங் ஃபேஸ் தளத்தின் ஏஐ எனர்ஜி ஸ்கோர் நட்சத்திர மதிப்பீடு தேர்வுக்கு உதவும்.

பிறகு நீளத்தைக் குறையுங்கள். தலைப்பு மாறியதும் புதிய உரையாடல் தொடங்குங்கள், ஏனெனில் ஒவ்வொரு புதிய கேள்வியோடும் முன்னைய உரையாடலும் மாடலின் பார்வைக்குள் நிற்கிறது. நூறு பக்க ஆவணத்தில் ஆறு பக்கம்தான் தேவையென்றால் அவற்றை மட்டும் கொடுங்கள். பதில் எத்தனை வரியில் வேண்டும் என்று சொல்லுங்கள். ஆழ்ந்து யோசிக்கும் முறை இயல்பாகவே இயங்கும்படி இருந்தால் அணைத்துவிட்டு, தேவைப்படும் இடத்தில் மட்டும் இயக்குங்கள்.

படத்துக்கும் காணொளிக்கும், கருத்தை முதலில் எழுத்திலும் கோட்டோவியத்திலும் முடிவு செய்துவிட்டு, குறைந்த தரத்தில் ஒரு முறை பார்த்து, இறுதி வடிவத்தை மட்டும் முழுத் தரத்தில் எடுங்கள். பத்து முயற்சிகளில் ஒன்பதைத் தூக்கியெறிந்துவிட்டு ஒன்றை வைத்துக்கொள்பவர், கணக்கில் ஒன்றை மட்டும் எழுதுவது பரவலான தவறு. பத்தையும் எழுதுங்கள்.

சொந்தக் கணினியில் மாடலை ஓட்டினால் செலவு தானாகக் குறைந்துவிடும் என்று எண்ண வேண்டாம். தரவு மையம் பலருடைய கேள்விகளை ஒரே நேரத்தில் சேர்த்து ஓட்டுகிறது. வீட்டுக் கணினி ஒருவருக்காக மட்டும் ஓடுகிறது. ஆனால் அங்கே உண்மையாக அளக்க முடியும் என்பது பெரிய நன்மை. சுவர் இணைப்பில் ஒரு மின்னளவியைப் பொருத்தியோ கோட்கார்பன் என்ற திறமூலக் கருவியை இயக்கியோ, கணினி சும்மா இருக்கும்போதும் மாடல் ஓடும்போதும் அளந்து வேறுபாட்டை எடுங்கள்.

10. மறுபடி அளந்து, மொத்தத்தையும் எழுதுங்கள்

மாற்றங்களைச் செய்து மூன்று மாதம் கழித்து, அதே எல்லைக்குள், அதே எண்களைக் கொண்டு மீண்டும் கணக்கிடுங்கள். இடையில் புதிய எண்கள் வெளியாகியிருந்தால், பழைய மாதத்தையும் புதிய எண்ணால் திருத்திய பிறகே ஒப்பிட வேண்டும். இல்லையென்றால் அறிக்கை மாறியதால் வந்த வேறுபாடு உங்கள் முயற்சியால் வந்ததுபோலத் தோன்றும்.

ஒரு பணிக்கான செலவு, மாத மொத்தம் ஆகிய இரண்டையும் அருகருகே எழுதுங்கள். சிறிய மாடல் மலிவாகவும் வேகமாகவும் இருப்பதால் பயன்பாடு கூடி, ஒரு பணிக்கான செலவு பாதியானபோதும் மொத்தம் ஏறியதை நான் பார்த்திருக்கிறேன். பன்னாட்டு ஆற்றல் முகமை கணித்தபடி உலகத் தரவு மையங்களின் மின்நுகர்வு 2024-இல் இருந்த 415 டெராவாட்-மணியிலிருந்து (ஒரு டெராவாட்-மணி நூறு கோடி யூனிட்) 2030-இல் 945 ஆக உயரப்போவதும், சில்லுகள் ஆண்டுக்காண்டு திறன் கூடிவரும் காலத்தில்தான்.

மாடல் மாறினாலோ, புதிய தானியங்கி வசதி இயக்கப்பட்டாலோ, ஒரு வகையின் எண்ணிக்கை இரு மடங்கானாலோ, மூன்று மாதம் முடியும்வரை காத்திருக்காமல் அந்த வரியை மட்டும் உடனே திருத்தி, திருத்திய தேதியையும் காரணத்தையும் பக்கத்தில் எழுதிவையுங்கள்.